அட்மிரலின் நெற்றிப் பொட்டு

தம்பி,

உன் அம்மா வைத்த பொட்டை நீ அழித்துவிட்டாய். நலம் விசாரிப்பது பிறகு இருக்கட்டும், முதலில் எழுத வேண்டியது இதுதான். இருபத்தெட்டு வருடங்களாக அவள் மோதிர விரலால் வைத்து வைத்து ஊறிப்போன குங்குமம் அது. நீ அந்தச் சாடியைப் பெட்டியில் வைத்து, பஞ்சு சுற்றி, முன்பின் தெரியாத ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, மருந்து போட்டு வெளிற வைத்து எடுத்து வந்தாய். அதற்கு ஒரு பட்டு நாடாவும் கட்டினாய். என் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசு என்றாய். என்னுடைய சாடியையே எனக்குப் பரிசாகத் தந்தாய், அதில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு.

அன்று மண்டபத்தில் நான் நடந்துகொண்ட விதத்தை எல்லோரும் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். நீ ஒருவன்தான் சொல்லவில்லை. கேக்கை வெட்டாமல் எழும்பிப் போனேன். வாசலில் தர்சினி மறித்து, "மாமா, என்ன மாமா, பிடிக்கேல்லையோ?" என்று கேட்டாள். அவளுடைய முகத்தைப் பாராமல், "உங்கடை கலியாணத்துக்கு நான் வரேல்லை" என்று சொன்னேன். அவளும் குற்றவாளிதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. கலியாணக் கார்டில் போட ஒரு படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அந்தச் சாடியை என்னிடமிருந்து வாங்கிப் போனவள் அவள். படம் எடுக்க ஐந்து வாரம் எடுக்குமா என்று நான் கேட்டேன். "கமராக்காரர் பிசி மாமா" என்றாள். கலியாணத்துக்கு முன்பே மாமனாருக்கு ஒரு பொய். ஆனால் அதை நான் எழுதக்கூடாது. ஏன் எழுதக்கூடாது என்று கீழே வரும்.

செவன் கிங்ஸ் வீட்டின் முன் அறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. நாற்பது வருடம் மற்றவர்களுடைய குளியலறைகளில் முட்டுக்காலில் நின்று டைல் ஒட்டியவனின் முழங்கால் வேறு எப்படி இருக்கும். சாடி எனக்கு எதிரே அலமாரியில் இருக்கிறது. புதிதாக வாங்கிய பீங்கான் போலப் பளபளக்கிறது. அதில் அச்சிட்ட அட்மிரல் சுத்தமாக, நோய் மாறி எழுந்தவரைப் போல இருக்கிறார். அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்தச் சாடி எப்படி வந்தது என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் இருந்து நாங்கள் லண்டனுக்கு வந்த வருடம் நீ பிறந்தாய். அறையில் கட்டிலும் இரண்டு சூட்கேஸும்தான். நீ பிறந்த தீட்டுக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வாசலில் நிறைகுடம் வைக்க வேண்டும், குடம் இல்லை. இன்றைக்குப் போல அன்று ஒவ்வொரு தெருவிலும் நம்முடைய கடை இல்லை. ஞாயிறு காலையில், காரின் பின்பெட்டியில் பரப்பிப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேல் ஒன்றில், பழைய சப்பாத்துகளுக்கும் மின்விளக்குகளுக்கும் நடுவில் இது இருந்தது. பால் நிற மண் சாடி, பெரிய வயிறு, வளைந்த கைபிடி. ஒரு பக்கம் கபில நிறத்தில் ஒரு கை இல்லாமல், வெறும் சட்டைக் கையை மடித்துக் குத்திய ஒரு கடற்படைத் தளபதி. மறுபக்கம் பாய் விரித்த கப்பல். லண்டன் நகரத்தின் நடுவில் உயர்ந்த தூணின் உச்சியில் நிற்கிறாரே, அவர்தான். வாய் அகலம், தேங்காய் இருக்கும். அதற்காகத்தான் வாங்கினேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

அம்மா முதலில் அதைத் தொடவில்லை. "இவர் நேவியோ?" என்று கேட்டாள். அவளுடைய தம்பி படகில் போய்த் திரும்பி வராதவன் என்பது உனக்குத் தெரியும். எந்தக் கடலில், எந்தக் கப்பலின் குண்டில் என்று யாருக்கும் தெரியாது. ஒரு படம்கூட அவனுக்கு மிஞ்சவில்லை. நேவி என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்குக் கை குளிர்ந்துவிடும். நான் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். "ஓம், நேவிதான். ஆனால் இந்த நாட்டு நேவி. சண்டையிலை கப்பலிலேயே செத்தவராம். சனம் துக்கம் தாங்காமல் சாடியிலும் கோப்பையிலும் அவரின்ரை படத்தைப் போட்டு வைச்சதாம்" என்று விற்றவன் சொன்னதைச் சொன்னேன். அவள் கனநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கடலிலை செத்தவருக்கு ஒரு குடமெண்டாலும் கிடைச்சிருக்கு" என்றாள். தண்ணீர் நிரப்பினாள். மாவிலைக்கு எங்கே போவது. பக்கத்து வீட்டு வேலியில் தடித்த பச்சை இலைச் செடி ஒன்று நின்றது, அதைக் கேட்டு ஐந்து இலை பிடுங்கி வைத்தோம். தேங்காய் வைத்தாள். சந்தனமும் குங்குமமும் குழைத்து, குடத்தின் வயிற்றில் வைக்க வேண்டிய பொட்டை அவருடைய நெற்றியில் வைத்தாள். யாருக்கு வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. பிறகும் ஒரு நாளும் கேட்கவில்லை.

அன்று வந்தவர்களில் எட்மண்டன் குணம் அண்ணைதான் முதலில் சிரித்தார். "நேவியைக் கண்டு ஓடி வந்த சனமடாப்பா நாங்கள். நீ நேவிக்காரன்ரை தலையிலை தேங்காய் வைச்சிருக்கிறாய்!" அம்மா பலகாரத் தட்டோடு நின்றபடி, "அவர் ஒண்டும் சொல்லாமல் சுமக்கிறார் அண்ணை. உங்களுக்கு என்ன பாரம்?" என்றாள். குணம் அண்ணை அதற்குப் பிறகு அந்தச் சாடியை "உங்கடை வீட்டு அட்மிரல்" என்றுதான் சொல்வார். வீடு வாங்கியபோது, உனக்கு ஏடு தொடக்கியபோது, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும், வருடப் பிறப்புக்கும் அவர்தான் வாசலில் நின்றார். பித்தளைக் குடம் வாங்கும் வசதி வந்த பிறகும் அவள் மாற்றவில்லை.

குங்குமம் எப்படி ஊறியது என்பதை நான் சொன்னால்தான் உனக்கு விளங்கும். பழைய டைலைப் பார்த்திருப்பாய், மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு முடியைப் போல மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும். இந்தச் சாடியிலும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் சடங்கு முடிய அம்மா ஈரத் துணியால் பொட்டைத் துடைப்பாள். ஆனால் அந்த வெடிப்புகளுக்குள் போனது போனதுதான். வருடம் போகப் போக அவருடைய நெற்றியில் சிவப்பு நரம்பு பின்னிய மாதிரி ஒரு வட்டம் வந்தது. சவர்க்காரம் போடவிடமாட்டாள். அவள் போன பிறகு இந்த மூன்று வருடமும் காலையில் தேநீர் குடிக்கும்போது அந்த வட்டத்தைத்தான் பார்ப்பேன். படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம், அது வேறு. படம் கடையில் அச்சடித்தது. இது அவள் விரல்.

உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று கிழமையாக மனதுக்குள் உன்னைத் திட்டினேன். திட்டித் திட்டிக் களைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. உனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வயதில் இருந்து உன்னை அந்தச் சாடிக்குக் கிட்டப் போக விடாதவன் யார்?

எனக்குப் படிப்பு இல்லை. அது உனக்குத் தெரியும், நான் அதை மறைத்ததில்லை. டைல் ஒட்டுவதைப் பார்த்துப் பழகினேன், ஆங்கிலத்தை அகராதி வைத்துப் பழகினேன். சாடியைப் பற்றி நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்து வாசித்தேன். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மெல்லிய தாளில் மை ஒற்றி, அந்தத் தாளை மண்ணில் ஒட்டி எடுப்பார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் அறிந்தேன். அரசர் வீட்டுக்குச் செய்ததில்லை, சாதாரண சனத்தின் சமையல் குசினியில் வைக்கச் செய்தது என்று வாசித்தபோது எனக்கு அது இன்னும் பிடித்துப்போனது. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் பிடித்து வைத்துச் சொல்வேன். அவர் செத்த வருடத்திலேயே செய்த சாடி, இருநூறு வருடப் பழசு, நூதனசாலையில் இருக்க வேண்டிய சாமான் என்பேன். "தேத்தண்ணி ஆற முதல் இவர் செத்துப்போவாரோ, இல்லை அடுத்த முறையும் வரவேணுமோ?" என்று குணம் அண்ணை கேட்பார். நான் விடமாட்டேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் வாய் பார்த்துக் கேட்கிறபோது எனக்கு அது வேண்டியிருந்தது.

உனக்கு ஒன்பது வயது, பொங்கலுக்கு முதல் நாள் சனிக்கிழமை. பழைய சாமான்களுக்கு வயது சொல்லும் நாள் ஒன்று இல்ஃபோர்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. யாருக்கும் சொல்லாமல் சாடியைத் துவாயில் சுற்றி, பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி அதைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். அதிக நேரம்கூட எடுக்கவில்லை. இது அவர் செத்து நூறு வருடம் கழித்து, நினைவுக்காகச் செய்தது, இப்படி நிறைய இருக்கின்றன, வடிவான சாமான், பூ வைக்க நல்லது என்றார். சிரித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. குசினி மேடையில் பையை வைத்தேன். வைத்தேன் என்று எழுதுவதும் பொய். அடித்தேன்.

கைபிடி இரண்டு இடத்திலும் கழன்று துவாய்க்குள் கிடந்தது. நான் அதைக் கழன்ற இடத்தில் பொருத்தி, சுவர்ப் பக்கமாகத் திருப்பி, அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த நாள் வேலைக்கு வைத்திருக்கும் பசையால் ஒட்டலாம் என்பது நினைப்பு. காலையில் அம்மா குசினியில் இருந்து உன்னைக் கூப்பிட்டாள், "அட்மிரலை எடுத்துக்கொண்டு வாங்கோ அப்பன், கோலம் போட்டாச்சு." நீ ஓடிப் போய்க் கைபிடியைப் பிடித்துத் தூக்கினாய். சாடி அலமாரியிலேயே இருந்தது. கைபிடி மட்டும் உன் கையோடு வந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன், தம்பி. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "அப்பா, நான் பிடிக்க மட்டும்தான் செய்தனான்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "உடைச்சுப்போட்டியே! இருநூறு வருஷம் ஒருத்தரும் உடைக்காததை உடைச்சுப்போட்டியே!" ஒரே வாயில் இரண்டு பொய். கன்னத்திலும் அடித்தேன். இனிமேல் அதைத் தொடக்கூடாது என்றேன். பொங்கல் பானை பொங்கியபோது நீ மேலே உன் அறையில் இருந்தாய்.

நான் பசை பூசிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "பிள்ளை தொட்டவுடனை கழருற சாமானே இது?" என்று கேட்டாள். நான் கைபிடியை இன்னும் அழுத்திப் பிடித்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காதவளிடம் இருந்து தப்ப முடியாது. கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான், நீ தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து, "அவனுக்கு ஒருநாள் சொல்லுங்கோ" என்றாள். என்ன என்று நான் கேட்கவில்லை. ஓம் என்றேன். மூன்று வருடம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எப்போது அந்தச் சாடியை நகர்த்தினாலும் நீ விலகி நிற்பாய். உன் பிறந்தநாள் காசை எல்லாம் சேர்த்து ஒரு முறை எனக்கு வேறொரு சாடி வாங்கி வந்தாய், பதின்மூன்று வயதில். நான் அதைக் குளியலறையில் பிரஷ் போட்டு வைத்தேன். இப்போது நல்ல வேலையில் இருக்கிறாய், பழுது பார்ப்பவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாய். என் பசையின் மஞ்சள் கறையை எடுத்து, கைபிடியைப் புதிதாகப் பொருத்தி, கண்ட அழுக்கை எல்லாம் நீக்கச் சொன்னாய். அந்தச் சிவப்புக் கோடுகளைத் துரு என்று நினைத்திருப்பாய். எனக்காகச் செய்தாய் என்று சனம் சொல்கிறது. நீ உடைக்காததைத் திருத்துவதற்கு இருபத்திரண்டு வருடம் சுமந்து திரிந்திருக்கிறாய். அன்று மண்டபத்துக்குள் அதைக் கொண்டுவந்தபோது பார்த்தேன், புதிதாகப் பொருத்திய கைபிடி இருக்க, நீ அடியில் இரண்டு கையும் கொடுத்து, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தாய்.

இன்னும் ஒன்று. போன செவ்வாய்க்கிழமைதான் சாடிக்குள் கை விட்டேன். பழுது பார்த்தவரின் குறிப்பு மடித்து உள்ளே கிடந்தது. நூற்றாண்டு நினைவுக்குச் செய்தது என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். மடிப்பைப் பார்த்தால் பல தடவை விரித்து வாசித்தது தெரிகிறது. நீ வாசித்திருக்கிறாய். வாசித்துவிட்டும் அன்று ஒலிவாங்கியைப் பிடித்து, சட்டனில் இருந்து வந்த உன் மாமனார் வீட்டுச் சனம் அத்தனைக்கும் முன்னால், "இது அப்பாவின்ரை இருநூறு வருஷச் சாடி" என்றாய். அந்தக் கடுதாசியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன். நான் பொய்யால் உன்னை அடித்தேன். நீ அதே பொய்யால் என்னை மறைத்தாய். தர்சினியின் கமராக்காரரைப் பற்றி நான் எழுதக்கூடாது என்றது இதனால்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டேன் என்பதற்காக நான் இறங்கிவிட்டேன் என்று நினைக்காதே. பொட்டை அழித்தது பிழைதான். என் பிழை அதற்கு முந்தியது, பெரியது. அதனால் உன் பிழை இல்லாமல் போகாது. கலியாணம் செய்யப் போகிறாய், ஒன்றை மட்டும் வைத்துக்கொள். வீட்டில் எதையும் புதிதாக்க முன் அந்தக் கறை என்ன கறை என்று ஒருவரிடமாவது கேள். பிழை விட்டால் அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிடு. ஒரு கிழமை போனால் சொல்ல வாய் வராது. இருபத்திரண்டு வருடம் போனால் அது வீட்டுத் தளபாடங்களில் ஒன்றாகிவிடும், எல்லோரும் அதைச் சுற்றி நடக்கப் பழகிவிடுவார்கள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

மண்டப அலங்காரக்காரரிடம் வாசலுக்கு வெள்ளி முலாம் குடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நீ. அவர்கள் முகம் சுளித்தால் காசைத் திருப்பிக் கேட்காதே, குடத்தை மட்டும் திருப்பி அனுப்பு. தேங்காய் கொண்டுவர வேண்டியது குணம் அண்ணை. முப்பது வருடம் சிரித்ததற்கு அவர் அதையாவது செய்யட்டும். கடையில் இப்போது மாவிலை கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும், அது வேண்டாம். இங்கேயும் பக்கத்து வீட்டு வேலியில் அதே மாதிரிச் செடி நிற்கிறது, கேட்டு ஐந்து இலை வெட்ட வேண்டியது நான். சந்தனம் குழைத்து அட்மிரலின் நெற்றியில் பொட்டு வைக்க வேண்டியது தர்சினி. மோதிர விரலால் வைக்கச் சொல். உன் அம்மாவின் தம்பியைப் பற்றி அவளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியதும் நீதான், அவள் யாருக்கு வைக்கிறாள் என்று தெரிந்து வைக்கட்டும். முடிந்ததும் ஈரத் துணியால் ஒற்ற மட்டும் வேண்டும், தேய்க்கக்கூடாது. வெடிப்புகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

விருந்தின்போது ஒலிவாங்கியைப் பிடித்து, சாடிக்கு உண்மையில் என்ன வயது, கைபிடியை உடைத்தது யார், அடி வாங்கியது யார் என்று சட்டன்காரர் உட்பட எல்லோருக்கும் சொல்ல வேண்டியது நான். என்னைத் தடுக்க எழும்பாமல் மணவறையில் இருக்க வேண்டியது நீ.

பிறகு தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, சாடியைக் காருக்குக் கொண்டுபோக வேண்டும். அது இனி உங்கள் வீட்டில் இருக்கும். திருத்திய கைபிடியில் பாரம் கொடுக்க வேண்டாம் என்று அந்தக் குறிப்பில் இருக்கிறது, நானும் ஒட்டுவேலை செய்தவன், அது சரிதான். இருந்தாலும் அன்றைக்கு ஒரு தடவை, கைபிடியைப் பிடித்துத் தூக்க வேண்டியது நீ. அடியில் கை கொடுத்து நடக்க வேண்டியது நான்.

அப்பா